பச்சைக் கட்டத்தைச் சிவப்பாக்கிய அத்தை

பயப்படுவதற்காகவே எங்கள் அத்தைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கிண்டல் இல்லை, நிஜம். உலகம் பூராவும் கார் விற்கிற ஒரு கம்பெனியின் தொழிற்சாலை எங்கள் ஊர் ஓரத்தில் இருக்கிறது. அங்கே அப்பா கார்களுக்குக் கதவு மாட்டுகிறார். அவருடைய தங்கை, அதாவது அத்தை, அதே காம்பவுண்டுக்குள் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, கம்பெனிக்கு நாளைக்கு என்னென்ன கேடு வரலாம் என்று யோசிக்கிறாள். அதற்கு மாதாமாதம் சம்பளம், கழுத்தில் அட்டை, சுற்றுகிற நாற்காலி எல்லாம் உண்டு.

"இதே வேலையை நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்ல ஓசியில செய்யறேன்" என்பாள் அம்மா.

"அண்ணி, நீங்க கவலைப்பட்டுட்டுத் தூங்கப் போயிடுவீங்க. நான் கவலைப்பட்டுட்டு, அதுக்கு ஒரு மாத்து ஏற்பாடும் பண்ணணும். சம்பளம் அந்த மாத்து ஏற்பாட்டுக்குத்தான்" என்பாள் அத்தை.

கம்பெனியில் அவளை 'ரிஸ்க் மேடம்' என்பார்கள். வீட்டில் அப்பாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். காதோரம் நரைத்த பாப்பா. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள், தெருப் பக்கத்து அறையில். அவள் இருப்பதால் எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டிரண்டு. அடுப்பு இரண்டு, குடை இரண்டு, டார்ச் இரண்டு. டார்ச் இரண்டையும் நான் ஒருநாள் ஒரே அலமாரியில் வைத்துவிட்டேன். அத்தை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவள் அறையில் வைத்தாள்.

"ஒரே அலமாரியில ரெண்டு டார்ச் இருந்தா, அது ரெண்டு இல்லடா வாலு, ஒண்ணுதான். அலமாரிக் கதவு இறுகிப் போச்சுன்னா ரெண்டுமே போச்சு."

வாலு என்பது நான். பத்தாம் வகுப்பை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், அது என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பாதி நாள் பைக் மெக்கானிக் கடை, மீதி நாள் வீட்டில் குறும்பு. குறும்பில் எனக்கு இருந்த ஒரே லட்சியம், அத்தையை ஒருதடவையாவது திடுக்கிட வைப்பது. முடியவே இல்லை. சாப்பாட்டுப் பையில் ரப்பர் பல்லியைப் போட்டேன். சாயங்காலம் அது என் செருப்புக்குள் படுத்திருந்தது. கேட்டால், "ரிசல்ட் வந்துடுச்சு, கையில காசு இல்ல, மூணு நாளா வீட்ல யாரும் உன்னைக் கண்டுக்கல. பல்லி வர்ற வாரம்டா இது" என்கிறாள். உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறவளிடம் என் பல்லி எம்மாத்திரம்?

ஆனால் அவள் வேலை எவ்வளவு பெரிசு என்று எனக்கு உறைத்தது ஒரு மழைநாள் மத்தியானம்தான். கரண்டு இல்லை. பொழுது போகாமல், "அப்படி என்னதான் அத்தை பயப்படுறே?" என்று கேட்டேன். ஒரு காருக்குள் முப்பதாயிரத்துச் சொச்சம் உருப்படிகள் இருக்கின்றனவாம். திருகாணி, கம்பி, ரப்பர் வளையம் என்று. "ஒவ்வொண்ணுக்கும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா உண்டு" என்றாள். கார் அடியில் பெட்ரோல் போவதற்கு ஒரு கறுப்புக் குழாய் இருக்கிறது, சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதைச் செய்கிறவர் அதற்கு அப்பா. அவருக்குப் பாசிமணி மாதிரி பிளாஸ்டிக் மணிகள் வேண்டும். அந்த மணி செய்கிறவர் தாத்தா. மணிக்கு ஒரு திரவம் வேண்டும், அதைக் காய்ச்சுகிற ஆலை கொள்ளுத்தாத்தா. அப்பா ஒரு கடலுக்கு அந்தப் பக்கம், தாத்தா இன்னொரு கடலுக்கு அந்தப் பக்கம்.

"இதுல ஒருத்தர் படுத்துட்டா?"

"குழாய் வராது. குழாய் இல்லாம கார் வெளிய போகாது. கார் போகலைன்னா காரைக் கோக்கற லைன் நிக்கும். லைன் நின்னா முதல்ல யாரு வீட்டுக்குப் போவாங்க?"

எனக்குத் தெரியும். அப்பா மாதிரி ஒப்பந்த ஆட்கள்தான் முதலில் போவார்கள். எங்கோ முகம் தெரியாத ஒரு ஊரில் ஒரு தொட்டி உடைந்தால் எங்கள் வீட்டு அடுப்பு அணையும். அன்றைக்கு முழுக்கத் தெருவில் போன ஒவ்வொரு காரையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நின்ற ஒரு பழைய டப்பா கார்கூட, அதற்குப் பின்னால் பாதி உலகம் வரிசையில் நிற்கிற மாதிரி தெரிந்தது.

அத்தையின் பிரிவில் ஒரு சுவர் முழுக்கக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பயம். வழியே இல்லாத பயம் சிவப்பு, பாதி வழி மஞ்சள், 'இது நின்றால் அது இருக்கிறது' என்று ஆகிவிட்டால் பச்சை. அந்தக் குழாய்க் கட்டம் வருஷக்கணக்காகச் சிவப்பாகவே கிடந்ததாம். அத்தைதான் அலைந்து திரிந்து, உலகத்தின் மறுகோடியில் இரண்டாவதாக ஒரு குழாய்க் கம்பெனியைப் பிடித்தாள். முதல் கம்பெனி மணி வாங்குகிற இடம் வேறு, இரண்டாவது வாங்குகிற இடம் வேறு. சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பம். கட்டம் பச்சையானது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் திரையில் தோன்றி, இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்பா தன் தங்கச்சியைப் பற்றித் தெருமுனைத் தையல்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் பிரிவின் தலைவர் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. அடுத்த தலைவர் அத்தைதான். கேன்டீனில் தட்டு கழுவுகிறவருக்குக்கூட அது தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவிப்பதாக இருந்தது. அத்தை அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டாள். ஆசையை அவள் வெளியே காட்டுகிற ஜாதி இல்லை. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று அறிவிப்புக்குப் பதில் சொல்லிப் பழகியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். "நன்றி. இது என் ஒருத்தியோட வேலை இல்ல" என்று மூன்று விதமாகச் சொன்னாள். மூன்றாவது நன்றாக இருந்தது.

அந்த வாரம் செவ்வாயோ புதனோ, வெள்ளிக்கிழமைக்குத் தயார் செய்ய அத்தை சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் பார்சல்காரர் மணி அடித்தார். கையெழுத்துப் போட அத்தை வெளியே வந்தாள், என்ன பார்சல் என்று பார்க்க நானும் வந்தேன். காற்று ஒரு தள்ளு தள்ளியது. கதவு படீர். எங்கள் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற ரகம். நாங்கள் இரண்டு பேரும் வெறுங்காலோடு மாடிப்படியில். அத்தை கையில் போன் மட்டும்.

"அம்மா வர இன்னும் நேரம் ஆகும். அப்பா ஷிஃப்ட்ல" என்றேன்.

அத்தை அசரவில்லை. "மாத்துச் சாவி ரெண்டு இருக்கு. ஒண்ணு தையல்காரர்கிட்ட, ஒண்ணு மாடி டீச்சர்கிட்ட. வேற வேற வீடு, வேற வேற ஆளு. ஓடு, தையல்காரர்கிட்ட வாங்கிட்டு வா."

ஓடினேன். தையல்கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "தம்பி, அவரு மச்சினன் வீட்டுக்குப் போயிருக்காரு. உங்க வீட்டுச் சாவி கடையில கிடக்க வேணாம்னு மாடி டீச்சர்கிட்டக் கொடுத்துட்டுத்தான் போனாரு" என்றார். நல்ல மனுஷர். பொறுப்பான மனுஷர்.

திரும்பி வந்து இரண்டு பேரும் மாடிக்கு ஏறினோம். டீச்சர் வீட்டிலும் பூட்டு. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் எங்கள் சாவி. அதன் மேலேயே, தோளில் கைபோட்ட மாதிரி, எங்கள் இன்னொரு சாவி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அத்தை, வந்து பாரேன்! ரெண்டு டார்ச்சும் ஒரே அலமாரியில!"

அத்தை பார்த்தாள். அப்படியே நின்றாள். அப்போதுதான் நான் இத்தனை வருஷமாக ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்தேன். அத்தை திடுக்கிட்டுப்போயிருந்தாள். அதை ரசிக்கலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

"என்ன அத்தை? சாவிதானே? அம்மா வந்துடுவா."

"சாவி இல்லடா" என்றாள். படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுக்கு அவளே பேசிக்கொள்கிற குரலில், "ரெண்டு பேரும் ஏன் ஒரே சமயத்துல லேட்டாக்கறாங்க?" என்றாள்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் குறிப்பிட்ட ஒரு மாதத்தில் முதல் குழாய்க் கம்பெனியின் மணிகள் தாமதமாகும். புதிதாகச் சேர்ந்த இரண்டாவது கம்பெனிக்கும் இந்த வருஷம் அதே மாதத்தில் தாமதமானது. அத்தை இரண்டையும் பார்த்திருக்கிறாள், தற்செயல் என்று விட்டுவிட்டாள். அப்பாக்களை விசாரித்தாள், தாத்தாக்கள் பேரைக் கேட்டாள், வேறு வேறு பேர் என்றதும் சந்தோஷமாக நிறுத்திவிட்டாள். கொள்ளுத்தாத்தா யாரென்று கேட்கவில்லை.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து போன் போட்டாள். ஒரு மணிக் கம்பெனி இருக்கிற ஊரில் அப்போதுதான் காலையாம், இன்னொன்றில் மத்தியானம். ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவளே அப்புறம் சொன்னாள். முதல் ஆள் வெள்ளந்தி. "ஆமா மேடம், அந்த மாசம் எங்களுக்குத் திரவம் வராது. ஏரிக்கரை ஆலையில தொட்டி எல்லாம் கழுவுவாங்க" என்று சொல்லிவிட்டான். இரண்டாவது ஒரு அம்மாள், விவரமானவள். யாரிடம் வாங்குகிறோம் என்பது தொழில் ரகசியம் என்றாள்.

"பேர் வேணாம்மா. அந்த ஆலை ஏரிக்கரையில இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அத்தை.

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நான் எதுவும் சொல்லலை" என்று வந்தது.

அத்தை போனை மடியில் வைத்தாள். "பங்காளிங்கடா" என்றாள். "ரெண்டு குடும்பமும் பங்காளிங்க. ஒரே கொள்ளுத்தாத்தா."

சாவியைப் பார்த்துத்தான் அத்தை இதைக் கண்டுபிடித்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவள் ஒப்புக்கொள்வதில்லை, எப்படியும் கண்டுபிடித்திருப்பேன் என்கிறாள். இருக்கலாம். ஆனால் டீச்சர் வீட்டு ஜன்னலில் என் மூக்கு பதிந்த அழுக்கு ரொம்ப நாள் இருந்தது. அதற்கு ஒரு மரியாதை உண்டு.

சாப்பிடும்போது அத்தை விஷயத்தைச் சொன்னாள். அவள் பச்சையாக்கிய கட்டம் பச்சையே இல்லை. ஏரிக்கரை ஆலை ஒன்று நின்றால் இரண்டு கம்பெனியும் சேர்ந்து நிற்கும். அதை வெள்ளிக்கிழமை சொல்லப் போகிறாள்.

அப்பா கையை உதறினார். "வெள்ளிக்கிழமை உனக்குப் பதவி அறிவிக்கறாங்க பாப்பா."

"தெரியும்ணா."

"அந்தக் குழாயை வெச்சுத்தான் உனக்கு அந்தப் பதவியே."

"அதுவும் தெரியும்."

"அப்புறம்? பதவியை வாங்கிக்கோ. அடுத்த வாரம் சொல்லு. இத்தனை வருஷம் நிக்காத ஆலை ஒரு வாரத்துல நின்னுடுமா?"

"நிக்காது. அநேகமா நிக்காது."

"அப்புறம் என்ன?"

அத்தை தண்ணீரைக் குடித்தாள். "ஒவ்வொரு பிரிவுலயும் போய் உக்காந்து, 'ஒரு வாரத்துல என்ன ஆயிடும்'னு சொல்றவங்களோட சண்டை போடறதுதான்ணா என் வேலை. அதையே நான் சொல்லிட்டு அந்த நாற்காலியில உக்காந்தேன்னா, அப்புறம் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவேன்?"

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மா குறுக்கே, "விடுங்க. அவ முடிவு பண்ணிட்டா. மூஞ்சியைப் பாருங்க, உங்கம்மா மூஞ்சி" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அப்பா அதற்கப்புறம் சாப்பிடவில்லை. அவருக்கு அந்தப் பதவி அத்தையைவிட அதிகமாக வேண்டியிருந்தது. ஒப்பந்த ஆளின் தங்கச்சி கண்ணாடிக் கட்டடத்தில் தலைவர் என்றால் லைனில் அதற்கு ஒரு கெத்து இருக்கிறது இல்லையா? நானும் மனசுக்குள் ஏரிக்கரை ஆலையைத் திட்டிக்கொண்டேதான் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எங்களுக்குச் சொன்னது கணக்கு அக்கா. அத்தையோடு அதே பிரிவில் கணக்குப் போடுகிறவர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் நின்று, ஆள் ஆளுக்குக் குரல் மாற்றி நடித்தே காட்டினார். அத்தை உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரிய ரூம். சுவர் பூரா அந்தக் கட்டம்தான். திரையில பெரியவரு, கடல் தாண்டி உக்காந்திருக்காரு. எல்லாரும் புதுச்சட்டை போட்டுட்டு வந்திருக்காங்க, கைதட்டறதுக்கு. இவ எந்திரிச்சா. நன்றி சொல்லப் போறான்னு நான் கையை ரெடியா வெச்சிருக்கேன். நேரா கம்ப்யூட்டர்கிட்டப் போனா. குழாய்க் கட்டத்தைத் தொட்டா. பச்சை, சிவப்பாயிடுச்சு. அத்தனாம் பெரிய பச்சைச் சுவத்துல ஒரே ஒரு சிவப்பு, ரத்தக்காயம் மாதிரி."

"அப்புறம்?" என்றாள் அம்மா.

"பெரியவர் கேக்கறாரு, 'அதைப் பச்சைன்னு சொன்னது யாரு?' இவ சொல்றா, 'நான்தான் சார்.' 'தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு?' 'அதுவும் நான்தான் சார்.' நிதிப் பிரிவுக்காரர் ஒருத்தர் சிரிச்சுட்டாரு. 'ஒண்ணும் ஆகலையே மேடம்'னாரு. 'ஆகறதுக்கு முன்னாடி சொல்றதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்'னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு போ. மூணு மாசத்துக்கு வேண்டிய மணியை இப்பவே வாங்கி ரெண்டு குடோன்ல பிரிச்சு வைக்கணுமாம். அந்தத் திரவமே இல்லாத வேற பிளாஸ்டிக்ல குழாய் செஞ்சு சோதனை ஆரம்பிக்கணுமாம். சோதனை முடியறவரைக்கும் அந்த இருப்பு தாங்கும். அவ்வளவுதான் கேட்டா."

"பதவி?" என்றார் அப்பா. வாசலிலேயே நின்றிருந்தார்.

கணக்கு அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அதைப் பத்தி இன்னிக்கு யாரும் பேசலைண்ணா."

அப்புறமும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு பிரிவிலிருந்து உயரமான ஒரு சார் தலைவராக வந்தார். அத்தை அன்றைக்கு ஒழுங்காக வேலைக்குப் போனாள், ஒழுங்காக வந்தாள். அறைக்கதவை மட்டும் சாத்திக்கொண்டாள். நான் ரப்பர் பல்லியை எடுத்து, கதவுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி தள்ளினேன். ரொம்ப நேரம் கழித்து அது வெளியே வந்தது. வாலில் ஒரு மிட்டாய் கட்டியிருந்தது. சரி, ஆள் பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தது.

உயரமான சார் கெட்டவர் இல்லை என்பதுதான் இதில் கஷ்டம். கெட்டவராக இருந்தால் அவர் வண்டி டயரை என்னிடம் விட்டிருக்கலாம். அத்தை கேட்ட மணியில் பாதிக்குத்தான் அனுமதி வந்திருந்தது. மீதிப் பாதிக்கு இவரே போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தார். மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு வழக்கமும் கொண்டுவந்தார். எதையும் பேசுவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் தான் பச்சையாக்கிய கட்டம் ஒன்றைத் தானே சந்தேகப்பட வேண்டும். பிரிவில் அதற்கு 'மேடம் சிவப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருடைய முதல் கூட்டத்திலேயே இன்னும் நாலு கட்டம் சிவப்பாகிவிட்டதாம். "நாலு பேரு தைரியமா ஒத்துக்கிட்டாங்கடா" என்று அத்தை சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பதவி கிடைத்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

மணி மூட்டைகள் இரண்டு குடோனில் போய் உட்கார்ந்தன. மாதங்கள் போயின. ஒன்றும் ஆகவில்லை. நிதிப் பிரிவுக்காரர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்க மூட்டை எல்லாம் சௌக்கியமா மேடம்?" என்று கேட்பாராம். "சௌக்கியம் சார், உங்களை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க" என்பாளாம் அத்தை.

அடுத்த வருஷம் ஒருநாள் டிவியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். திரையின் அடியில் செய்தி ஓடியது. தூரதேசத்தில் ஏரிக்கரை ரசாயன ஆலையில் தீ. அத்தை எழுந்தாள். "ஆளுங்க? ஆளுங்களுக்கு?" என்றாள். உயிர்ச்சேதம் இல்லை என்று அடுத்த வரி ஓடிய பிறகுதான் உட்கார்ந்தாள். ஆலை மறுபடி ஓட ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அப்போது போனை எடுத்தவள்தான் அத்தை, அதன்பின் ஒரு வாரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

வேறு கார் கம்பெனிகளின் லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் ஒப்பந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் அங்கே வேலை. வேலைக்குப் போகாத நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "உங்க லைன் மட்டும் எப்படிடா ஓடுது?" என்று கேட்பார். அப்பா எழுந்து உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் எடுத்து வருவார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் குடும்பத்தாரை அழைத்துச் சுற்றிக் காட்டுகிற நாள் வந்தது. அப்பா அன்றைக்கு வேலையில். அம்மாவும் நானும் அத்தையோடு போனோம். தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, லைனுக்கு மேலே இருக்கிற கண்ணாடிக் கூடத்தில் ஏற்றிவிட்டார்கள். கீழே பார்த்தேன்.

எதை எதிர்பார்த்துப் போனேனோ தெரியாது. சத்தத்தை எதிர்பார்த்திருக்கலாம். அங்கே இருந்தது ஒரு நகர்வு. ஒரு ஆறு நின்று நிதானமாக ஓடுகிற மாதிரி கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. எலும்புக்கூடாக வந்த ஒன்று, கண் எதிரே கண்ணாடி வாங்கி, இருக்கை வாங்கி, சக்கரம் வாங்கிப் போனது. எங்கே பார்த்தாலும் கைகள், யந்திரக் கை எது மனுஷக் கை எது என்று பிரிக்க முடியவில்லை. வேண்டிய பொருள் வேண்டிய நொடியில் வேண்டிய கையில் இருந்தது. ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. தூரத்தில் அப்பா. ஒரு கதவை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, காரில் வைத்தார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாதவர் அவர். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். தூசு என்றாள். அந்தக் கூடத்தில் ஒரு பொட்டுத் தூசு கிடையாது.

ஒரு இடத்தில் கார்களைக் கொக்கியில் மாட்டி மேலே தூக்கினார்கள். எங்கள் கண்ணுக்கு நேராகக் காரின் வயிறு போனது. வயிற்றோடு ஒட்டிக் கறுப்பாக ஒரு குழாய்.

"அதுவா அத்தை?"

"அதுதான்."

ஒரு நரம்பு மாதிரி இருந்தது. அடுத்த காரின் வயிற்றிலும் அது இருந்தது. அதற்கடுத்ததிலும். எங்களைச் சுற்றி நூறு பேர் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் நின்றார்கள். இந்த ஆறு இன்றைக்கு நின்றுபோயிருக்க வேண்டியது, உலகத்தில் பாதி இடத்தில் ஓடவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைச் செய்தவள் என் பக்கத்தில், தொப்பி சரியாக உட்காராமல், கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?" என்றேன்.

தொடையில் ஒரு கிள்ளு. "வாயை மூடு. அடுத்த வாரம்தான் புதுக் குழாய்ச் சோதனை முடியுது. அதுக்குள்ள கண்ணு வைக்காதே."

சரி என்று வாயை மூடிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். அத்தையும் சுற்றுமுற்றும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லைனை இல்லை, நாங்கள் நின்ற கூடத்தை.

"இவ்வளவு கூட்டத்தை ஏத்தியிருக்காங்க" என்று முணுமுணுத்தாள். "நல்லவேளை, முன்னால ஒரு வாசல், பின்னால ஒரு வாசல்னு ரெண்டு இருக்கு."

"ரெண்டு இல்ல அத்தை" என்றேன். "நான் வந்ததுமே போய்ப் பாத்துட்டேன். பின்வாசல் வழியாப் போனாலும் சுத்தி அதே படிக்குத்தான் வருது. ஆணி ஒண்ணுதான்."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே புருவம் மேலே போனது, வாய் கொஞ்சம் திறந்தது. பல்லிக்கு வராத முகம். இந்தத் தடவை என்னால் அதை ரசிக்க முடிந்தது. என் தொப்பியைப் பிடித்துக் கண்வரை இழுத்துவிட்டாள்.

அப்புறம் போனை எடுத்தாள். "யாரு, பாதுகாப்புப் பிரிவா? ரிஸ்க் மேடம் பேசறேன்" என்று ஆரம்பித்தாள். கேன்டீனில் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு கிடைக்க வெகு நேரமாகும் என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.